ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக்

அரசு ஆஸ்பத்திரி மாத்திரைன்னா டவுன்ல இருக்கற நீங்க கொஞ்சம் முகம் சுளிப்பீங்க. எங்க ஊர்ல சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பல பேர் அதை முழுங்கிட்டுத்தான் வயலுக்குப் போறோம். அந்த மாத்திரைக்கு ஒரு வரலாறு இருக்கு.

நான் பையனா இருந்தப்ப டப்பாவிலிருந்து எண்ணி, பேப்பர்ல மடிச்சுக் கொடுப்பாங்க. மழைக்காலத்துல பிசுபிசுத்துப் போகும். பல நாள் "ஸ்டாக் இல்லை, வெளியில வாங்கிக்கோ"ன்னு சீட்டு மட்டும்தான். வெளியில வாங்கக் காசிருந்தா அங்க ஏன் போய் நிக்கிறோம்?

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அரசு தொடங்கியது. மாநிலத்துக்கே ஒரே இடத்தில் டெண்டர். கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே கொள்முதல். மொத்தமாக வாங்கியதால் விலை இறங்கியது. உதிரி மாத்திரை போய் அட்டை வந்தது. அட்டையில் அரசு முத்திரை இருப்பதால் திருட்டுத்தனமா கடைக்குப் போனா காட்டிக்கொடுத்துடும். வந்த சரக்கில் மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் தேறினால்தான் விநியோகம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பாஸ்புக்தான். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு ரூபாய்னு ஒதுக்கி, பாஸ்புக்கில் எழுதிடுவாங்க. மாவட்டக் கிடங்கில் வேண்டியதை எடுத்தா அந்தத் தொகை கழியும். சொசைட்டியில கடன் கணக்குல நாங்க உரம் எடுக்கற மாதிரி! பாம்புக்கடி அதிகமுள்ள பக்கம் விஷமுறிவு மருந்தைக் கூடுதலா எடுத்துக்கலாம். சென்னையிலிருந்து வந்ததை வாங்கி அடுக்கற வேலை இல்லை.

2011-ல் இலவச மருந்துத் திட்டம் ஆரம்பிச்ச ராஜஸ்தானும் இந்த முறையைப் பார்த்துத்தான் செஞ்சது.

2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியா மாத்திரை வீட்டுக்கே வருது. வாங்கற ஆள் கூடக் கூட பாஸ்புக் தொகையும் ஏறணும். பட்ஜெட் அன்னிக்கு உர மானியத்துக்கு அடுத்து நான் தேடிப் பார்க்கறது மருந்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்காங்கன்னுதான்.