பாவ் கசால்ஸ்: அகதிகளுக்காக நாள்முழுதும் கடிதம் எழுதிய இசைக்கலைஞர்

இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய செலோ கலைஞர் யார் என்று கேட்டால், மேற்கத்திய இசை அறிந்தவர்களில் பெரும்பாலானோர் பாவ் கசால்ஸ் என்ற பெயரைத்தான் சொல்வார்கள். செலோ என்பது முழங்கால்களுக்கிடையில் நிறுத்தி வில்லால் இசைக்கப்படும், வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கருவி. ஆனால் 96 வயதுவரை வாழ்ந்த இந்த மனிதரின் வாழ்வில் பல ஆண்டுகள் மேடையில் கழியவில்லை. பிரான்சின் தெற்கு எல்லையிலுள்ள ஒரு சிற்றூரில், மேசையருகே அமர்ந்து, முகாம்களிலிருந்து வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுவதிலும், உடுப்பும் உணவும் பொதி செய்து அனுப்புவதிலும் கழிந்தன.

உலகம் அவரைப் பாப்லோ கசால்ஸ் என்றே அதிகம் அறியும். அது ஸ்பானிய வடிவம். தாய்மொழியான கற்றலானில் அவர் பெயர் பாவ். அந்த மொழியில் பாவ் என்றால் சமாதானம் என்றும் பொருள் உண்டு. பிராங்கோவின் ஆட்சியில் கற்றலான் மொழி பாடசாலைகளிலிருந்தும் அரச அலுவலகங்களிலிருந்தும் விரட்டப்பட்டது. ஒருவர் தன் பெயரைத் தன் மொழியில் எழுதுவதே ஒரு நிலைப்பாடாக மாறிய காலம் அது.

1876 டிசம்பர் 29 அன்று, ஸ்பெயினின் கற்றலோனியப் பகுதியில், கடலோரத்திற்கு அருகிலுள்ள எல் வென்ட்ரெல் என்ற ஊரில் பிறந்தார். தந்தை கார்லஸ் ஊர்த் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர், இசை ஆசிரியர். வருமானம் சொற்பம். பிறந்த பதினொரு பிள்ளைகளில் பெரும்பாலானோர் சிறுவயதிலேயே இறந்துவிட்டனர். மகன் ஒரு தச்சுத் தொழிலையாவது பழகட்டும் என்று தந்தை நினைத்தார். தாய் பிலார் அதற்கு இணங்கவில்லை. 1888இல் மகனைக் கூட்டிக்கொண்டு பார்சிலோனாவுக்குப் போனார். பின்னர் பரிஸில் பணமின்றி, நோயுற்ற மகனோடும் சிறு குழந்தைகளோடும் இருந்தபோது, தையல் வேலை செய்து பார்த்தார். அதுவும் போதாதபோது தனது நீண்ட கூந்தலை வெட்டி விற்றார். ஒரு நாள் வீட்டுக்கு வந்த தாயின் தலையைக் கண்டு திடுக்கிட்டதை கசால்ஸ் முதுமையிலும் மறக்கவில்லை.

அந்தத் தாயைப் பற்றி இன்னொரு விடயமும் அவர் சொல்லியிருக்கிறார். இளைய மகன் என்ரிக்கிற்குக் கட்டாய இராணுவ சேவைக்கான அழைப்பு வந்தது. கொல்வதற்கோ கொல்லப்படுவதற்கோ நான் பிள்ளை பெறவில்லை என்ற கருத்தில் பேசிய பிலார், மகனை நாட்டைவிட்டுப் போகச் சொன்னார். என்ரிக் ஆர்ஜென்ரீனாவுக்குப் போய், பொதுமன்னிப்புக் கிடைத்த பின்னரே பல ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். கசால்ஸின் சமாதானக் கொள்கைக்குப் பெரிய தத்துவ மூலங்களைத் தேடுபவர்கள் உண்டு. எனக்கு என்னவோ, அது அந்த வீட்டுச் சமையலறையிலேயே தொடங்கிவிட்டதாகப் படுகிறது.

இசைப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1890இல், பதின்மூன்று வயதில், பார்சிலோனா துறைமுகத்திற்கு அருகிலுள்ள பழைய கடையொன்றில், பாக் இயற்றிய தனிச் செலோவுக்கான ஆறு தொகுதிகளின் அச்சுப் பிரதி அவர் கையில் அகப்பட்டது. அக்காலத்தில் அவற்றை வெறும் பயிற்சிப் பாடங்களாகவே கருதினார்கள். அவர் பன்னிரண்டு ஆண்டுகள் தனியே சாதகம் செய்த பிறகே ஒரு தொகுதியை மேடையில் முழுமையாக வாசித்தார். இன்று செலோ படிக்கும் எவரும் இந்தத் தொகுதிகளைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. 1936க்கும் 1939க்கும் இடையில், சொந்த நாடு எரிந்துகொண்டிருந்தபோதுதான், இவற்றை இசைத்தட்டில் பதிவு செய்தார்.

புகழும் பணமும் வந்தபின் அவர் பார்சிலோனாவுக்குத் திரும்பி, 1920இல் ஓர் இசைக்குழுவை நிறுவினார். ஆரம்ப ஆண்டுகளின் நட்டத்தைத் தனது கச்சேரி வருமானத்தாலேயே ஈடுசெய்தார். ஆனால் அரங்குக்கு வருவோர் வசதியானவர்களாகவே இருந்தனர். எனவே 1926இல் தொழிலாளர் கச்சேரிச் சங்கம் உருவானது. மாதம் 500 பெசேட்டாவுக்குக் குறைவாக உழைப்பவர்களே அதில் உறுப்பினராகலாம். ஞாயிறு காலைகளில் கசால்ஸின் குழு அவர்களுக்காக வாசித்தது. சங்கத்தைத் தொழிலாளர்களே நிர்வகித்தார்கள். சொந்தமாகச் சஞ்சிகையும் நடத்தினார்கள். கசால்ஸ் செய்தவற்றுள் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். ஏழைகளுக்கு இலவச நுழைவுச்சீட்டுக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வது வேறு, ஒரு நிறுவனத்தையே அவர்கள் கையில் கொடுப்பது வேறு.

1936 ஜூலை 18 மாலை அவரது குழு பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் நிகழ்ச்சி. இறுதிப் பகுதிக்கு முன்னர், இராணுவக் கிளர்ச்சி எந்நேரமும் நகருக்கு வரலாம், எல்லோரும் உடனே கலைந்து செல்லுங்கள் என்ற செய்தியோடு ஓர் ஆள் ஓடிவந்தார். இப்போதே பிரிவதா, முடித்துவிட்டுப் பிரிவதா என்று கசால்ஸ் குழுவினரைக் கேட்டார். முடிப்போம் என்றார்கள். மனிதர் யாவரும் உடன்பிறப்புகளாவர் என்று பாடும் அந்தப் பகுதியை வாசித்து முடித்து, சமாதானம் வரும் நாளில் மீண்டும் இதையே வாசிப்போம் என்று சொல்லிப் பிரிந்தார்கள். அந்தக் குழு பிறகு அதை வாசிக்கவேயில்லை.

போர்க்காலத்தில் குடியரசின் பக்கம் நின்று, சிறுவர்களுக்கும் காயமடைந்தோருக்குமாக வெளிநாடுகளில் நிதிக் கச்சேரிகள் செய்தார். 1938 ஒக்ரோபரில் பார்சிலோனா லிசேயு அரங்கில் சிறுவர் நிவாரணத்துக்காக நடந்த கச்சேரி வானொலியில் ஒலிபரப்பானது. இடைவேளையில் அவரே பேசி, குடியரசைக் கைவிடாதீர்கள் என்று உலகை வேண்டினார். உலகம் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். 1939 ஜனவரி 26 அன்று பார்சிலோனா வீழ்ந்தது.

அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் பனிகொட்டும் மலைப்பாதைகளால் பிரான்சுக்குள் நுழைந்தார்கள். பிரெஞ்சு அதிகாரிகள் அவர்களை ஆர்ஜெலெஸ், சான் சிப்ரியான் போன்ற கடற்கரைகளில் அடைத்தார்கள். தொடக்கத்தில் கொட்டில்கூட இல்லை. வெறும் மணல், முட்கம்பி, காவல். மணலில் குழி தோண்டி அதற்குள் படுத்தார்கள். கிணற்று நீர் மாசுபட்டு வயிற்றோட்டம் பரவியது. குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. இதை எமது வாசகர்களுக்கு மேலும் விளக்கத் தேவையில்லை.

பரிஸில் நண்பர் வீடொன்றில் நாட்கணக்காக இருட்டறையில் கிடந்த கசால்ஸ், முகாம்களுக்கு அருகே போனால் ஏதாவது செய்யலாம் என்ற நண்பரின் சொல்கேட்டு எழுந்தார். கனிகோ மலையடிவாரத்தில் உள்ள பிராட் என்ற ஊருக்கு வந்தார். பிரான்சுக்குள் இருந்தாலும் அங்குள்ளவர்கள் கற்றலான் பேசுபவர்கள். விடுதி அறை அலுவலகமானது. கவிஞர் ஜுவான் அலவேத்ராவும் வேறு சில நண்பர்களும் உதவிக்கு நின்றார்கள். இலண்டன், நியூயோர்க், ஜெனீவா என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதிப் பணம் கேட்டார். வந்த பணத்துக்குப் பால்மா, தானியம், உடுப்பு, மருந்து வாங்கி, முகாம்களுக்கு அனுப்பினார். தானும் நேரில் போனார். முகாமிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் கையாலேயே பதில் எழுத முயன்றார். காணாமல்போன மகனை விசாரித்தவர்களும், விசாவுக்கு உதவி கேட்டவர்களும், ஒரு சோடி சப்பாத்துக் கேட்டவர்களும் அக்கடிதங்களில் இருந்தார்கள்.

ஜேர்மன் ஆக்கிரமிப்பின்போது தப்பியோட ஒரு முறை முயன்றார். ஏறவிருந்த ஷாம்ப்ளேன் கப்பல் 1940 ஜூனில் மூழ்கிப்போக, பிராட்டுக்கே திரும்பினார். பின்னர் ஜேர்மன் அதிகாரிகள் வீடு தேடி வந்து, பேர்லினில் வாசிக்க அழைத்தனர். வாதநோயைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார். எரிபொருளும் உணவும் கிடைக்காத அந்தக் காலத்தில்தான் அலவேத்ராவின் 'குடில்' என்ற நீண்ட கவிதைக்கு இசையமைக்கத் தொடங்கினார். 1960இல் மெக்சிகோவில் அரங்கேறிய அப்படைப்பைப் பிற்காலத்தில் நாடு நாடாகக் கொண்டுசென்று சமாதானத்துக்காக நடத்தினார்.

1945இல் நாஜிகள் வீழ்ந்ததும் பிராங்கோவையும் நேச நாடுகள் அகற்றிவிடும் என்று நம்பினார். பிரித்தானியாவில் அவருக்குப் பெரும் வரவேற்பு. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டம் வழங்க முன்வந்தன. பிராங்கோவை யாரும் தொடப்போவதில்லை என்பது தெளிவானதும் பட்டங்களை மறுத்தார். பிறகு பொதுமேடையையே கைவிட்டார். பிராங்கோவின் அரசை ஏற்கும் நாடுகளில் வாசிப்பதில்லை என்பது அவர் முடிவு. 1950இல், பாக் மறைந்த இருநூறாவது ஆண்டில், வெளியே வரமறுத்தவரைத் தேடி இசைக்கலைஞர்கள் பிராட்டுக்கே வந்து ஊர்த் தேவாலயத்தில் விழா நடத்தியபோதுதான் அந்த மௌனம் கலைந்தது.

இந்த மௌனம் எதைச் சாதித்தது? அரசியல் கணக்கில் பெரிதாக ஒன்றுமில்லை. 1950களில் அமெரிக்கா பிராங்கோவுடன் இராணுவத்தள ஒப்பந்தம் செய்தது, ஸ்பெயின் ஐ.நா.வில் சேர்ந்தது. 1961 நவம்பரில் கசால்ஸே கென்னடியின் அழைப்பை ஏற்று வெள்ளை மாளிகையில் வாசித்தார். கொள்கையை விட்டுக்கொடுத்தார் என்று விமர்சனம் எழுந்தது. அது முற்றிலும் நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பொதிகள் போய்ச்சேர்ந்தன என்பதில் யாருக்கும் வாதமில்லை. வரலாற்றில் அவருடைய மறுப்புகளே பெரிதாக எழுதப்பட்டிருக்கின்றன. பால்மாப் பேணிகளின் கணக்கு ஓரத்தில்தான் இருக்கிறது. நான் அதை மறுபக்கமாகவே எழுதியிருப்பேன்.

குடும்ப வாழ்வில் அவர் உதாரண புருஷர் அல்லர். முதல் மணவாழ்க்கை முறிந்தது. பிள்ளைகள் இல்லை. பிராட் ஆண்டுகளில் அவருடன் நின்று வீட்டையும் நிவாரண வேலைகளையும் தாங்கியவர் பிரான்சிஸ்கா கப்தெவிலா. 1955இல் அவர் இறந்தபோது, தன்னை எல் வென்ட்ரெல்லில் அடக்கம் செய்யவேண்டும் என்ற அவரது விருப்பத்துக்காக, பிராங்கோவின் ஸ்பெயினுக்குள் கசால்ஸ் கால்வைத்தார். அடக்கம் முடிந்ததும் வெளியேறினார். பின்னர் தாயின் பிறப்பிடமான புவேர்ட்டோ ரிக்கோவில் குடியேறினார். 1957இல் தனது மாணவி மார்த்தாவை மணந்தபோது அவருக்கு 80 வயது, மணமகளுக்கு 20. ஊர் வாய் மூடவில்லை. ஆனாலும் அந்த இல்லறம் அவர் இறக்கும்வரை நிலைத்தது. அத்தீவில் சிம்பொனி இசைக்குழுவும் இசைக் கல்லூரியும் உருவாக இருவரும் உழைத்தார்கள்.

1971 ஒக்ரோபர் 24 அன்று, 94 வயதில், ஐ.நா. பொதுச்சபை மண்டபத்தில் சமாதானப் பதக்கம் பெற்றார். தான் ஒரு கற்றலோனியர் என்று அங்கே சொன்னார். தனது மண்ணில் மிகப் பழங்காலத்திலேயே மக்கள் கூடிச் சமாதானம் பேசினார்கள் என்றார். பிறகு செலோவை எடுத்து, நாடுகடந்த ஆண்டுகளில் தன் கச்சேரிகளை முடித்துவைத்த 'பறவைகளின் பாட்டு' என்ற கற்றலோனிய நத்தார்ப் பாடலை வாசித்தார்.

1973 ஒக்ரோபர் 22 அன்று புவேர்ட்டோ ரிக்கோவில் காலமானார். பிராங்கோ இறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. 1979 நவம்பரில் கசால்ஸின் உடல் எல் வென்ட்ரெல்லுக்குக் கொண்டுவரப்பட்டு ஊர் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அருகிலுள்ள சான் சல்வடோர் கடற்கரையில் அவர் கட்டிய வீடு இப்போது அருங்காட்சியகம். சிறுவனாக அவர் வாசித்த, சுரைக்காய்க் குடுவையில் செய்த முதற் கருவியை அங்கே இன்றும் பார்க்கலாம்.