குழந்தையைச் சுமந்த துவிச்சக்கர வண்டி

ஊர்திகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். எந்த ஆண்டில் எந்த இயந்திரம் எத்துணை விரைவாக ஓடிற்று என்பதே அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. ஆயின், ஒரு தாய் தன் மூன்று வயதுக் குழந்தையைத் துவிச்சக்கர வண்டியில் ஏற்றிப் பாலர் பாடசாலைக்கு அச்சமின்றிக் கொண்டுசெல்வதற்கு என்னென்ன வேண்டியிருந்தன என்று ஆராய்ந்தால் வேறொரு வரலாறு புலப்படும். அவ்வரலாற்றில் வண்டி செய்த கொல்லனுக்கும் பங்குண்டு. சட்டம் இயற்றியவனுக்கும் பங்குண்டு. வீதி சமைத்தவனுக்கும் பங்குண்டு. இம்மூவரையும் தத்தம் கடமையைச் செய்யத் தூண்டியவர்கள் பெற்றோரே என்பதுதான் அவ்வரலாற்றின் சாரம்.

துவிச்சக்கர வண்டியின் மூதாதையை 1817ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வொன் டிறைஸ் என்பவர் ஓட்டிக் காட்டினார். மிதிகட்டை இல்லாத அவ்வண்டியைக் காலால் நிலத்தை உதைத்தே செலுத்தவேண்டும். பின்னர் வந்த வண்டிகளில் முன்சில்லு ஆளுயரம் வளர்ந்தது. அதன் உச்சியில் ஏறியிருப்பவர் தம்மைக் காத்துக்கொள்வதே அரிதாயிருக்க, குழந்தையை உடன் கொண்டுசெல்வதை எவர் எண்ணுவார்? 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொவென்றி நகரைச் சேர்ந்த ஜோன் கெம்ப் ஸ்டார்லி, சில்லுகள் இரண்டும் ஏறத்தாழ ஒத்த அளவினவாய், சங்கிலி பின்சில்லை இயக்கும் 'றோவர்' வண்டியை வெளியிட்டார். உயரத்திலிருந்து விழும் அபாயம் அதனால் நீங்கிற்று.

அதனை அடுத்து வந்த பெரும் மாற்றத்துக்குக் குழந்தை ஒன்றே காரணமாயிற்று. பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் சிறு மகனின் முச்சக்கர வண்டி கரடுமுரடான தரையில் குலுங்குவதைக் கண்டு, காற்றடைத்த இறப்பர்க் குழாயை அதன் சில்லுகளிற் பொருத்தினார். 1888இல் அதற்கு ஆக்கவுரிமையும் பெற்றார். இன்று உலகெங்கும் உருளும் காற்றடைத்த ரயர் பரவுவதற்கு வழிதிறந்தது ஒரு தந்தையின் இக்கரிசனையே.

வண்டி இவ்வாறு மனிதருக்கு இணங்கிய பின்னரும், குழந்தையை ஏற்றுவதில் உள்ள இடர்கள் பல. குழந்தையின் பாரம் பின்சில்லின்மேல் உயரத்தில் அமையும்போது வண்டியின் பின்புறம் தளம்புகின்றது. முன்னே கைபிடியருகில் அமையும்போது வண்டியைத் திருப்புவது கடினமாகின்றது. ஓடும் வண்டி வேகத்தால் நிலைபெறும். நிற்கும் வண்டியோ குழந்தை ஒரு பக்கம் சாய்ந்தவுடன் கவிழ்ந்துவிடும். ஆகவேதான் இத்தகைய வண்டிக்கு ஒருபக்கத்துக் காலைவிட அகன்ற இரட்டைக்கால் தாங்கி ஏற்றதாகின்றது. இவை எல்லாவற்றிலும் கொடியது, தொங்கும் சிறு பாதம் சுழலும் சில்லின் கம்பிகளுக்கிடையிற் சிக்கும் அபாயம். பாதத்தைப் பட்டியாற் பிணிக்கும் கால்தாங்கியும், சில்லின் இருமருங்கும் மறைக்கும் காப்பும் இதன் பொருட்டே தோன்றின. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றிச் செல்வோர், அதன் முதுகுக்கும் கைகளுக்கும் கால்களுக்கும் தக்க ஆதாரமுள்ள இருக்கையில் இருத்தவேண்டும் என்று ஒல்லாந்து நாட்டின் வீதிச் சட்டம் விதிக்கின்றது. இருக்கை, பாதம், முதுகு என்று இத்துணை நுட்பமாகச் சட்டம் பேசுவதற்கு அந்நாட்டில் ஒரு காரணம் உண்டு.

ஒல்லாந்து, இலங்கையின் கரையோரங்களை 1796 வரை ஆண்டவர்களின் தாயகமாகும். மேடுபள்ளம் அரிதான அந்நாட்டில், இரண்டாம் உலகப் போருக்கு முன்பே துவிச்சக்கர வண்டி மக்களின் அன்றாட ஊர்தியாயிருந்தது. போருக்குப் பின்னர் செல்வம் பெருகவே மோட்டார் கார்களும் பெருகின. கார்களுக்கு இடமளிக்கும் பொருட்டு வீதிகள் அகலமாக்கப்பட்டன. சதுக்கங்கள் கார் நிறுத்துமிடங்களாயின. துவிச்சக்கர வண்டி பழங்காலத்துப் பொருளெனக் கருதப்படலாயிற்று. இம்மாற்றத்துக்குக் கொடுத்த விலை 1971ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வோராண்டில் வீதி விபத்துக்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் நானூறுக்கு மேற்பட்டோர் சிறுவர்.

வீதி விபத்தில் தம் மகளை இழந்த விக் லங்கன்ஹொவ் என்னும் பத்திரிகையாளர், 1972இல் 'டி தைட்' என்னும் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது அதன் தலைப்பு. அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. அதன் முதற் தலைவியாக மார்ட்யே வான் புட்டன் என்னும் இளம் பெண் முன்வந்தார்; பிற்காலத்தில் இவர் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினருமானார். பெற்றோரும் பிள்ளைகளும் விபத்து நிகழ்ந்த இடங்களில் ஒன்றுகூடினர்; வீதிகளை மறித்துப் பிள்ளைகள் விளையாட வழிசெய்தனர்; பிரதமர் யோப் டென் ஊய்லின் இல்லத்துக்குத் துவிச்சக்கர வண்டிகளிற் சென்று பாட்டுப் பாடித் தம் கோரிக்கையை முன்வைத்தனர். பிரதமர் வெளியே வந்து செவிசாய்த்தார்.

இதற்கிடையில் 1973இன் எண்ணெய் நெருக்கடி நாட்டைத் தாக்கிற்று. அவ்வாண்டு நவம்பர் 4ஆந் திகதி முதலாகச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவது தடைசெய்யப்பட்டது. வெறிச்சோடிய பெருவீதிகளில் மக்கள் நடந்தும் துவிச்சக்கர வண்டிகளில் ஏறியும் உலாவினர். மோட்டார் இல்லாத வீதி எத்தகையது என்பதை ஒரு தலைமுறை கண்ணாரக் கண்டது அப்போதுதான். 1975இல் துவிச்சக்கர வண்டி ஓட்டுவோரின் சங்கம் நிறுவப்பட்டது. அதே காலத்தில் ஹேக், டில்பேர்க் ஆகிய நகரங்களில், கார்ப் பாதையினின்று பிரிந்த வண்டிப் பாதைகள் அரசின் செலவிற் பரீட்சார்த்தமாக அமைக்கப்பட்டன. 1976இல், குடியிருப்பு வீதிகளில் கார் நடைவேகத்திலேயே செல்லவேண்டும் என்னும் ஏற்பாட்டுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. ஆண்டுதோறும் வீதியில் மாண்ட சிறுவரின் தொகை, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐம்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது.

வீதி சீர்பெற்ற பின்னரே குழந்தை வண்டி செழித்தது என்பது கவனித்தற்குரியது. முன்னாளில் ஒல்லாந்திலும் டென்மார்க்கிலும் ரொட்டிக்காரரும் பால்காரரும் இறைச்சிக் கடைக்காரரும் பெட்டி பொருத்திய வண்டிகளிற் பண்டங்களை வீடுவீடாகக் கொடுத்துவந்தனர். மோட்டார் வண்டிகள் வந்தபின் அவை மறையத் தொடங்கின. 1984ஆம் ஆண்டில், கொப்பன்ஹேகன் நகரில் கார்களுக்கு இடமளிக்காத கிறிஸ்தியானியா என்னும் குடியிருப்பில், லார்ஸ் எங்ஸ்ட்ரோம் என்னும் கொல்லர் தம் துணைவிக்காக முன்புறம் பெட்டியுள்ள முச்சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். கண்டோர் அனைவரும் தமக்கும் ஒன்று கேட்டனர். பண்டம் சுமந்த பெட்டி பிள்ளைகளைச் சுமக்கலாயிற்று. 2000ஆம் ஆண்டையொட்டி ஒல்லாந்தில் மார்ட்டன் வான் அன்டல் என்பவர், தம் பிள்ளைகளை ஏற்றும் பொருட்டு, முன்னே நீண்ட மரப்பெட்டியுள்ள இருசில்லு வண்டியை உருவாக்கினார். பாரம் தாழ்ந்து அமைவதாலும், பிள்ளைகள் பெற்றோரின் கண்முன்னே இருப்பதாலும் அது விரைவிற் பரவிற்று.

எனினும், வண்டி பரவியதனாற் கண்காணிப்பின் தேவை குறைந்துவிடவில்லை. 2024இல், சட்டகம் முறியக்கூடும் என்னும் காரணத்தால், ஒரு நிறுவனத்தின் பெட்டி வண்டிகளை விற்பதை நிறுத்துமாறு ஒல்லாந்து அரசின் பாதுகாப்பு அதிகாரசபை கட்டளையிட்டது.

ஐரோப்பாவுக்கு வெகு தொலைவிலுள்ள யப்பானில் இதே பிரச்சினை வேறு வடிவம் கொண்டது. அங்கு இரு பிள்ளைகளின் தாய், ஒருவரை முன்னும் ஒருவரைப் பின்னுமாக இருத்திச் செல்வது நாடெங்கும் வழக்கமாயிருந்தது. விதிமுறையோ ஒரு பிள்ளையை ஏற்றவே இடமளித்தது. 2008இல் பொலிசார் அவ்விதியைக் கண்டிப்பாக வலியுறுத்த முற்பட்டபோது தாய்மார் கொதித்தெழுந்தனர். 'இரு பிள்ளைகளுள் எவரை வீட்டில் விட்டுச் செல்வது?' என்பதே அவர்களின் வழக்கு. அதிகாரிகள் அதன் நியாயத்தை உணர்ந்தனர். தாங்கும் வலிமையும் உறுதியான தடுப்பும் பிற தகுதிகளும் வாய்ந்த வண்டிகளில் மட்டும் ஆறு வயதுக்குட்பட்ட இருவரை ஏற்றலாம் என்னும் ஏற்பாடு 2009 ஜூலை மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அத்தகுதிகளுக்கேற்ற வண்டிகளை உற்பத்தியாளர் சமைத்தனர். வழக்கத்தைச் சட்டம் தண்டித்து ஒழிக்க முனையாமல், வழக்கத்துக்கேற்ற வண்டியைச் செய்வித்தது.

இவ்விரு நாடுகளின் வரலாறும் ஒன்றையே உணர்த்துகின்றன. யப்பானியத் தாய்மார் சட்டத்தையும் வண்டியையும் மாற்றுவித்தனர். ஒல்லாந்துப் பெற்றோர் வீதியையே மாற்றுவித்தனர். வண்டியிற் பூட்டும் சிறு இருக்கை குழந்தையை விழாமற் காக்கும். அவ்வளவே அதன் ஆற்றல். பின்னால் விரைந்து வரும் லொறியினின்று காப்பதற்கு வீதியே துணைநிற்கவேண்டும். இருக்கையைக் கப்பலேற்றி எந்நாட்டுக்கும் அனுப்பலாம். வீதியை அவ்வாறு அனுப்புதல் இயலாது. அதனை அந்தந்த நாட்டுப் பெற்றோரே கேட்டுப் பெறுதல் வேண்டும்.