ஆக்சிஜனேற்ற அழுத்தம்

ஆக்சிஜனேற்ற அழுத்தம் (பெயர்ச்சொல்): ஆக்சிஜன் + ஏற்றம் + அழுத்தம்.

பிறப்பு: 'ஆக்சிஜன்' என்பது பிரெஞ்சு அறிஞர் லவாசியே கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிய பெயர், 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள். 'ஏறு' என்பதிலிருந்து ஏற்றம்; 'அழுந்து' என்பதன் பிறவினையான 'அழுத்து' தந்தது அழுத்தம். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற கருத்தை 1985-ல் வரையறுத்தவர் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ்.

பொருள்: உயிரணுக்கள் ஆற்றல் உண்டாக்கும்போது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளும் பிறக்கின்றன. அவை உடலின் காப்புத் திறனை மிஞ்சும் நிலையே இது. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது, கொழுப்பும் மிகுந்தது. முதுமையில் காப்புத் திறன் குறையும்போது மூளை எளிதில் பழுதுபடுகிறது.

வேறுபாடு: 'இரத்த அழுத்தம்' குழாய்ச்சுவரை இரத்தம் தள்ளும் விசை, பாதரச மில்லிமீட்டரில் அளக்கலாம். ஆக்சிஜனேற்ற அழுத்தமோ ஒரு சமநிலைக் குலைவு. ஆனாலும் இரண்டும் தொடர்புடையவை. குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் அழிப்பதால் குழாய்கள் இறுகுகின்றன. உயரும் இரத்த அழுத்தம் மூளையின் நுண்குழாய்களைச் சிதைக்கிறது.

வழக்கு: பேச்சில் இரத்த அழுத்தம் 'பிரஷர்', 'பி.பி.' ஆகிவிட்டது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அதற்கான மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு அது பேருதவி. தலைசுற்றல் இல்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள்.