முத்துச் சலாபமும் பொதுக் காரணியும்



மன்னார்த் தீவிலிருந்து பெருநிலத்துக்கு வந்து, கடற்கரையோரமாய்த் தெற்கு நோக்கிச் செல்வோர் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாய்க் காண்பர். இன்று அமைதியாய்க் கிடக்கும் இக்கரையில், சிப்பி விளைந்த ஆண்டுகளில், ஓலையாலும் கம்பாலும் பெருநகரொன்று சில வாரங்களுக்கு எழுந்து நிற்கும். சலாபம் முடிந்ததும் அது மறைந்துவிடும். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு வந்த வருமானமோ ஏறக்குறைய 25 இலட்சம் ரூபாய். இச்சலாபத்தின் பெருமையைப் பேசுவோர் குளிப்போரின் மூச்சடக்கத்தையும் முத்தின் ஒளியையும் பேசுவர். கரையிலே நடந்த கணக்கைப் பேசுவோர் அரியர். அக்கணக்கைப் பற்றியும், அதனுள்ளே மறைந்திருக்கும் பொதுக் காரணிகளுட் பெரியது என்னும் எண்ணைப் பற்றியும் இன்று சில சொல்ல விழைகின்றேன். நம் பாடசாலைகளில் இதனைப் பொ.கா.பெ. என்று சுருக்குவர், தமிழகத்தார் மீப்பெரு பொதுக் காரணி என்பர். அடியேன் கணிதம் பயின்ற பட்டதாரியல்லேன், கலைப் பட்டதாரி. ஆகவே வரலாற்றின் வாயிலாகவே இதற்குள் நுழைகின்றேன்.

பார்களினின்று திரும்பிய வள்ளங்கள் கரை சேர்ந்ததும், சிப்பிகள் யாவும் கொட்டு என வழங்கிய வேலியடைப்புக்குள் கொண்டுசெல்லப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைத்த வழக்கப்படி, குளித்தோர் தாம் எடுத்த சிப்பியை மூன்று சம குவியல்களாகப் பிரித்தல் வேண்டும். பிரித்தபின் அரசாங்க உத்தியோகத்தர் வந்து இரண்டு குவியல்களை அரசாங்கத்துக்கென்று காட்டுவார். எஞ்சிய ஒன்றே குளித்தோர்க்கு உரியது. எந்தக் குவியல் தமக்கு எஞ்சும் என்பது பிரிக்கும்போது அவர்க்குத் தெரியாது. ஒன்றிலே சிறிது கூட்டி வைத்தால் அக்குவியலே அரசாங்கத்தின் கைக்குப் போய்விடலாம். ஆதலால், எவரும் காவல் நில்லாமலே மூன்றும் சமமாயின. எழுத்தறியாத மாந்தர்க்கும் நீதி வழங்கும் முறை இது என்பது என் எண்ணம். பங்கின் அளவு நீதியானதா என்பது வேறு கேள்வி. உயிரைப் பணயம் வைத்துக் கடலடிக்குச் சென்றவனுக்கு ஒரு பங்கு, கரையில் நின்றவர்க்கு இரு பங்கு! 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் இக்கொட்டுகளின் மேற்பார்வைக்கு அமர்த்தப்பட்டவர்களுள் ஒருவர், பின்னாளில் ஆங்கில எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப்.

இனி முத்தின் கணக்குக்கு வருவோம். சிப்பியை அழுகவிட்டுக் கழுவி எடுத்த முத்துகளை முதலிலே பருமன் வாரியாகப் பிரிப்பர். இதற்குக் கிண்ணம் போன்ற பித்தளைச் சல்லடைகள் பத்து இருந்தன. அவற்றின் துளைகள் முறையே 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. துளைகளின் தொகை கூடக்கூடத் துளையின் அகலம் குறையும். முதற் சல்லடையில் தங்குவது பெருமுத்து. கடைசியில் உதிர்வது தூள். அதன்பின் முத்தின் உருட்சியையும் ஒளியையும் நோக்கி ஆணி முதலாய பெயர்களால் தரம் வகுப்பர். பின்னரே தராசு வரும். நிறைக்கு மஞ்சாடி என்னும் செவ்விதையே அலகு. 20 மஞ்சாடி கொண்டது ஒரு கழஞ்சு. இவ்வலகுகள் பழமையானவை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில், முதலாம் இராசராசன் காலத்து அணிகலன்களின் முத்துகளும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்றே நிறுக்கப்பட்டிருக்கின்றன.

ஆயினும் முத்தின் விலை நிறைக்கு நேராக ஏறுவதன்று. இருமடங்கு நிறையுள்ள ஒரு முத்து நான்கு மடங்கு விலை பெறும். ஆதலால் வணிகர் செவ்வு என்றும் சவ்வு என்றும் வழங்கிய ஓர் அளவையைக் கைக்கொண்டனர். முத்துகளின் மொத்த நிறையை மஞ்சாடியிற் கண்டு, அதனை அதனாலேயே பெருக்கி, வந்ததில் முக்காலை எடுத்து, முத்துகளின் தொகையால் வகுத்தல் வேண்டும். வருவதே செவ்வு, விலை செவ்வுக்கு இவ்வளவு என்று பேசப்படும்.

ஓர் உதாரணம் சொல்கின்றேன். நேயர்கள் தாளும் பென்சிலும் வைத்திருந்தால் குறித்துக்கொள்ளலாம். முத்துகள் 42, நிறை 14 மஞ்சாடி. பதினான்கைப் பதினான்காற் பெருக்க 196. அதில் முக்கால் 147. இதனை 42ஆல் வகுத்தல் வேண்டும். இவ்விரண்டு எண்களையும் ஒருங்கே மீதமின்றி வகுக்கும் எண்களுட் பெரியது எது? பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே வருக. 147இல் 42 போக 105. மீண்டும் 42 போக 63. மீண்டும் போக 21. இப்பொழுது 42 பெரியது, 21 சிறியது. 42இல் 21 போக 21. இரண்டும் ஒத்துவிட்டன. ஆகவே 21 தான் நாம் தேடிய எண். 147இல் ஏழு இருபத்தொன்றுகள், 42இல் இரண்டு. ஏழை இரண்டால் வகுக்க, மூன்றரைச் செவ்வு.

கழித்துக்கொண்டே போகும் இவ்வழியைக் கிறிஸ்துவுக்கு முன் 300ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்கிளிட்டு தம் நூலின் ஏழாம் புத்தகத்தின் தொடக்கத்திலேயே வைத்தார். அவர் வகுத்தல் என்று சொல்லவில்லை. அளத்தல் என்றே சொன்னார். இரண்டு கயிறுகளையும் மிச்சமின்றி அளக்கவல்ல மிக நீண்ட கோல் எது என்பதே அவர் உள்ளத்து வினா. சீனரின் ஒன்பது அதிகாரக் கணித நூலும் பின்னங்களைச் சுருக்க இவ்வாறே மாறிமாறிக் கழிக்கச் சொல்கின்றது. அங்கே 49க்குக் கீழ் 91 என்பது 7க்குக் கீழ் 13 ஆகச் சுருங்கும். 499இல் ஆரியபட்டர் இயற்றிய நூலிலும் குட்டகம் என்னும் முறை மாறிமாறி வகுத்தலையே அடிப்படையாகக் கொண்டது. ஆனால் அவர் நோக்கம் பின்னத்தைச் சுருக்குவதன்று, வேறு கடினமான வினாக்களை விடுவிப்பது.

இவ்விடத்தில் சல்லடைகளைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். 80இல் 50 போக 30. 50இல் 30 போக 20. அவ்விரண்டும் சல்லடைத் துளைகளே! 30இல் 20 போக 10. 20இல் 10 போக 10. பத்துச் சல்லடைகளுக்கும் பொ.கா.பெ. இந்தப் பத்தே. நம் வணிகர் யூக்கிளிட்டைக் கற்றுச் சல்லடை செய்தார் என்று சொல்லி எவரையும் நகைக்க வைக்க நான் துணியேன். ஆயினும் 2, 3, 5, 8 என்று முந்திய இரண்டின் கூட்டாய் அடுத்தது வரும் எண்களில்தான் மாறிமாறி வகுக்கும் முறை மிக மெதுவாய் நடக்கும் என்பதை 1844இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் காபிரியேல் லாமே பயன்படுத்தி, படிகளின் தொகை சிறிய எண்ணின் இலக்கத் தொகையைப் போல் ஐந்து மடங்குக்கு மேற்போகாது என நிறுவினார்.

வணிகர்க்குப் பொதுக் காரணி வேண்டப்பட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தமிழர் பின்னங்கள் அரை, கால், அரைக்கால், மா, காணி என இறங்கி முந்திரியில் வந்து நிற்பன. முந்திரி என்பது 320இல் ஒன்று. அதற்கும் கீழே கீழ்முந்திரி உண்டு. அது முந்திரியில் 320இல் ஒன்று. 320 என்பது இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகி வந்த எண். மூன்றுக்கோ ஏழுக்கோ அதில் இடமில்லை. நம் உதாரணத்தில் வகுக்கும் எண் 42. அதனுள் மூன்றும் ஏழும் இருக்கின்றன. முந்திரிக் கணக்குக்கு அது அடங்காது என்று தோன்றும். 21ஆல் சுருக்கிய பின்னரே கீழே வெறும் இரண்டு நிற்பதும், விடை துல்லியமாய் மூன்றரை என்பதும் வெளிப்படும்.

எல்லாக் கணக்கும் இவ்வாறு இணங்கிவிடாது. 45 முத்துகள் 10 மஞ்சாடி நிறுக்குமாயின், நூறில் முக்கால் 75. அதனை 45ஆல் வகுத்தல் வேண்டும். பொ.கா.பெ. 15, சுருக்கினால் ஐந்தின் கீழ் மூன்று. மூன்று எஞ்சிவிட்டது. தமிழ்ப் பின்னத்தில் இதனை ஒன்றரையே அரைக்கால் முக்காணி முந்திரி என்று எழுதலாம். ஆனால் முந்திரியில் மூன்றிலொன்று இன்னும் குறையும். கீழ்முந்திரிக்கு இறங்கினாலும் அங்கும் ஒரு குறை நிற்கும். எத்தனை படி இறங்கினும் தீராது. ஓரிரு முத்துக்கு இக்குறை தூசி. ஆயிரக்கணக்கான வராகன் பெறும் கொள்வனவில் அக்குறை எவர் பக்கம் விழுந்தது என்பது கணக்கறிந்தவன் கையிலிருந்தது.

கொட்டில் பிரித்த பங்கும் மூன்றிலொன்றே அல்லவா? முந்திரியால் எழுதவொண்ணாத அப்பின்னத்தைக் குளித்தோர் கையினால் குவித்து நிறைவேற்றினர். அங்கே அவர்க்கு நட்டமில்லை. ஆனால் கொட்டின் வாயிலைக் கடந்ததும் நிலை மாறியது. அவருட் பலர் தம் பங்குச் சிப்பிகளைத் திறவாமலே சிறு வியாபாரிகளுக்குச் சில்லறையாக விற்றுவிடுவர். அரசாங்கத்தின் பங்கு இரவிலே ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலையென ஏலத்தில் போகும். சல்லடையும் மஞ்சாடியும் செவ்வும் அதன்பின் வந்த கதை. சிப்பியை எடுத்த கைகள் அக்கணக்கைப் பெரும்பாலும் காணவேயில்லை. முத்துக் கணக்கு வணிகக் குடும்பங்களுக்குள்ளே தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சென்ற கல்வியாகவே இருந்தது.

1906இல் அரசாங்கம் இச்சலாபத்தை 20 ஆண்டுகளுக்கு ஒரு கம்பனிக்குக் குத்தகையாகக் கொடுத்தது. 1907க்குப் பின் பார்கள் பொய்த்தன. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. மரிச்சுக்கட்டியின் ஓலை நகரம் பின்னர் அத்தகைய அளவில் எழவேயில்லை. மஞ்சாடி மரம் மட்டும் இன்றும் காய்க்கின்றது. அதன் செவ்விதைகளை எண்ணி விளையாடும் சிறுவர், இருபது சேர்ந்தால் ஒரு கழஞ்சு என்று அறியமாட்டார்.