ஊசிவழியல்லாத மருந்தளிப்பு

ஊசிவழியல்லாத மருந்தளிப்பு என்பது வாய், நாவடி, தோல், கண், காது, மூக்கு, மூச்சுக்குழல், மலக்குடல் முதலியவற்றின் வழியாக நோயாளிக்கு மருந்து கொடுக்கும் முறைகளின் பொதுப்பெயர் ஆகும். ஊசி இல்லாமையால் இம்முறைகள் தீங்கற்றவை எனக் கருதப்படுவதுண்டு. ஆயினும் கொடுக்கும் வழியோ முறையோ தவறினால், சரியான மருந்தும் பயனற்றுப் போகலாம். சிலவேளை உயிருக்கும் ஊறு விளைவிக்கலாம்.

பொது விதிகள்

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் ஆகிய ஐந்தையும் செவிலியர் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். நோயாளியே தம் பெயரைக் கூறுமாறு கேட்பது நன்று. செவிலியர் பெயரைச் சொல்லிக் கேட்டால், மயக்கத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் ஆம் எனத் தலையசைக்கக்கூடும். ஒவ்வாமை உண்டா என்பதும் கேட்டறியப்படும். மருந்து கொடுத்த பின்னரே பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

வாய்வழி

நோயாளி விழிப்புடனும் விழுங்கும் திறனுடனும் இருக்கிறாரா எனப் பார்த்து, நிமிர்ந்து அமரச் செய்து மருந்து கொடுக்கப்படுகிறது. மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரைகளைப் பொடிக்கலாகாது. பொடித்தால் 12 அல்லது 24 மணி நேரத்துக்குரிய அளவு ஒரேயடியாக உடலில் சேரும். நீர்ம மருந்தை ஊசிக்குழலில் அளந்தால், அது தவறுதலாகச் சிரையில் செலுத்தப்படும் ஆபத்து உண்டு. எனவே ஊசி பொருந்தாத வாய்வழி அளவைக்குழல் பயன்படுத்தப்படுகிறது. இதே காரணத்தால், உணவுக்குழாய் இணைப்புகள் சிரைவழிக் குழாய்களில் பொருந்தாதவாறு அமைவதற்கான ஐஎஸ்ஓ 80369-3 என்னும் பன்னாட்டுச் சீர்தரம் 2016இல் வெளியிடப்பட்டது.

நாவடி

நெஞ்சுவலிக்குத் தரப்படும் நைட்ரோகிளிசரின் மாத்திரை நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கப்படுகிறது. விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். குருதி அழுத்தம் குறைந்து தலைசுற்றக்கூடும் என்பதால் நோயாளி அமர்ந்திருத்தல் வேண்டும்.

தோல்வழி

கடும் வலிக்குரிய ஃபென்டனில் ஒட்டு வழக்கமாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது. பழைய ஒட்டை அகற்றாமல் புதியதை ஒட்டினால் மருந்து மிகுந்து மூச்சு ஒடுங்கலாம். வெந்நீர்ப்பை போன்றவற்றின் சூடும் மருந்து உறிஞ்சப்படுவதை விரைவுபடுத்தும். கழற்றிய ஒட்டிலும் மருந்து எஞ்சியிருப்பதால், பசைப்புறம் உள்ளே இருக்குமாறு மடித்து, குழந்தைகளுக்கு எட்டாதவாறு அப்புறப்படுத்த வேண்டும்.

கண், காது

கண் சொட்டு மருந்து கீழிமையை இழுத்து, அங்கு உண்டாகும் பையில் விடப்படுகிறது. குப்பியின் முனை கண்ணில் படலாகாது. இரு வேறு சொட்டு மருந்துகளுக்கிடையே குறைந்தது 5 நிமிட இடைவெளி தேவை. காதுக்கு மருந்து விடும்போது பெரியவர்களின் காதுமடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும்; 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும்.

மூச்சுவழி

அழுத்தக் குப்பியிலிருந்து மருந்தை உள்ளிழுத்த பின் சுமார் 10 நொடிகள் மூச்சை அடக்குதல் நன்று. இயக்க ஊக்கி மருந்தாயின் பின்னர் வாயைக் கொப்பளிக்க வேண்டும். இல்லாவிடில் வாயில் பூஞ்சைத் தொற்று ஏற்படலாம்.

கண்காணிப்பு

மருந்து கொடுத்ததுடன் செவிலியர் பணி முடிவதில்லை. வலி தணிந்ததா, மூச்சும் குருதி அழுத்தமும் சீராக உள்ளனவா, தோலில் தடிப்பு தோன்றியதா என்பவற்றைக் கவனித்து, மாற்றம் தென்பட்டால் மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.