வயல் ஓய்ந்த வேளை: நாஞ்சில் நாட்டுப் புரையிடத்தின் காலக்கணக்கு

நாஞ்சில் நாட்டு வேளாண்மை என்றதும் நம் நினைவுக்கு வருவது நெல்தான். தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வயல்வெளிகள், பழையாறு, அதிலிருந்து பிரியும் கால்கள், 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை என்று நீரையும் நெல்லையும் பற்றி நிறையப் பேசிவிட்டோம். வீட்டைச் சுற்றிக் கிடந்த மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது வயலின் வரலாற்றோடு பிணைந்தது என்பதே இக்கட்டுரை சொல்ல முனைவது.

பழைய திருவிதாங்கூர் ஆவணங்கள் விளைபூமியை நிலம் என்றும் புரையிடம் என்றும் இரண்டாகப் பகுத்தன. நிலம் என்றால் நெல்வயல். புரை என்றால் வீடு. வீடும் மரங்களும் சேர்ந்த மேட்டுமண் புரையிடம். அங்கே மரங்களைக் கணக்கிட்டு வரி விதிக்கும் முறை இருந்தது. தேக்கு போன்ற மரங்கள் யார் வீட்டு மண்ணில் முளைத்தாலும் அரசுக்கே உரியவை. ஆகவே புறக்கடையில் எதை நடுவது என்பது குடும்பத்தின் விருப்பம் மட்டுமன்று. அரசின் கண்ணும் அதன்மேல் இருந்தது. ஞாறான்விளை, அம்மாண்டிவிளை என ஊர்ப்பெயர்களில் இன்றும் நிற்கும் ‘விளை’ என்ற சொல்லும் இத்தகைய மேட்டுமண்ணையே குறிக்கும்.

இம்மாவட்டத்துக்கு இரண்டு மழை. வைகாசிப் பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவம் ஒன்று; ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் துலாவர்ஷம் மற்றொன்று. நெல்லும் இரண்டு பூ. சித்திரை, வைகாசியில் விதைத்துக் கன்னி மாதமாகிய புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. அதன்பின் நட்டுக் கும்ப மாதமாகிய மாசியில் அறுப்பது கும்பப்பூ. நெல்லின் பெயரே அறுவடை மாதத்தைச் சொல்லிவிடுகிறது. வயலில் வேலை ஓயும் இடைவெளிகளில் அதே கைகள் புரையிடத்தில் மண்வெட்டி பிடித்தன. வீட்டுத்தோட்டத்தின் பட்டங்கள் இந்த இடைவெளிகளில்தான் உருவாயின.

மாசியில் கும்பப்பூ அறுத்துக் களம் ஒழிந்ததும் கிழங்குகளின் முறை வரும். கும்பத்தில் நட்ட சேனை குடமளவு விளையும் என்பது மலையாள வழக்கு. முளைக்கண் ஒவ்வொரு துண்டிலும் இருக்குமாறு சேனையை வெட்டி, சாணிப்பாலில் முக்கி, நிழலில் உலர்த்தி, சாம்பலும் சருகும் இட்ட குழியில் வைப்பார்கள். மேலே சருகு மூடினால் கோடை வெயில் மண்ணைச் சுடாது. காச்சிலும் அக்காலத்தில்தான். கோடை மழை தொட்டதும் முளை வெளிவரும். துலாவர்ஷத்துக்குப் பிறகு இலை பழுத்துத் தண்டு சாய்ந்தால் கிழங்கு முற்றியதென்று பொருள். தைப்பொங்கலன்று சேனை, காச்சில், சேம்பு, சிறுகிழங்கு ஆகியவை அடுக்களைக்கு வருவது இந்தக் கணக்கின் முடிவு. சடங்கு என்று நாம் நினைப்பது, பயிர் முற்றும் காலத்தைப் பிசகாமல் நினைவில் வைத்த ஏற்பாடும் ஆகும்.

ஆனியில் திருவாதிரை ஞாற்றுவேலை. ஞாயிறு ஒவ்வொரு நட்சத்திரத்திலும் தங்கும் ஏறத்தாழ பதின்மூன்று, பதினான்கு நாட்கள் ஒரு ஞாற்றுவேலை, ஆண்டுக்கு 27. திருவாதிரைக்குரியது ஜூன் 22ஐ ஒட்டித் தொடங்கி ஜூலை முதல் வாரத்தில் முடியும். மழையும் வெயிலும் மாறிமாறி வரும், காற்றில் ஈரம் நிற்கும். வெட்டி நட்ட கம்பு வேர்விடுமுன் காய்ந்துபோகாது. நல்லமிளகுக் கொடியும் செம்பருத்திக் கம்பும் நட இதுவே காலம் என்றனர்.

இதைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. பறங்கியர் மிளகுக் கொடியைக் கொண்டுபோகிறார்களே என்று கோழிக்கோட்டுச் சாமூதிரியிடம் முறையிட்டபோது, கொடியைத்தானே கொண்டுபோக முடியும், நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாதே என்று விடை வந்ததாம். கதை அழகானது, வரலாறு அதற்குத் துணைநிற்கவில்லை. மிளகு வணிகத்துக்காக டச்சுக்காரர்களோடு திருவிதாங்கூர் 1741இல் குளச்சலில் போரிட்டு வென்றது. எனினும் சுமத்திராவிலும் மிளகு விளைந்தது. இன்று உலகில் மிகுதியாக விளைவிப்பது வியட்நாம்.

புரட்டாசியில் கன்னிப்பூ அறுத்தபின் ஏத்தன் வாழைக் கன்று நடுவார்கள். பத்து மாதக் கணக்கில் குலை ஆவணி ஓணத்துக்கு வந்து சேரும். பக்கக் கன்றுகளைக் களைவதும், குலை தள்ளியபின் முட்டுக் கொடுப்பதும், அடுக்களைக் கழுநீரை வாழைமூட்டுக்குத் திருப்புவதும் பெண்களும் முதியவர்களும் பார்த்துக்கொண்ட வேலைகள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழமும் இத்தகைய புரையிடங்களில் வளர்ந்ததே.

இந்த ஒழுங்குக்குள் பின்னால் வந்து சேர்ந்தது மரச்சீனி. அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு; 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதைப் பரப்புவதில் முனைந்தார். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. வெளி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் பசியாற்றியது மரச்சீனிதான். கம்பை ஒடித்து நட்டால் போதும். ஞாற்றுவேலை பார்க்க வேண்டியதில்லை. வேகவைத்த முதல் நீரைக் கொட்டிவிட வேண்டும் என்ற அறிவு மட்டும் உடன்வர வேண்டும்.

1956 நவம்பர் 1இல் இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. மொழியுரிமைக்காகப் போராடிப் பெற்ற இணைப்பு அது. அதன் நியாயத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கொல்லம் ஆண்டுக் கணக்கும் கும்பம், கன்னி என்ற மாதப்பெயர்களும் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விலகின. வடகிழக்குப் பருவத்தை நோக்கி விதைக்கும் ஊர்களின் ஆடிப்பட்டம் தமிழகத்துக்கெல்லாம் பொதுவிதி போல் ஆயிற்று. இங்கோ ஆடிக்கு முன்பே ஒரு மழை வந்துவிடுகிறது. வயல்கள் மனைகளாகச் சுருங்க, பட்டங்களை நினைவூட்டிய நெற்பூக்களும் பல ஊர்களில் மறைந்தன. மழையும் பழைய சொல்லுக்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல், மூட்டோடு சாய்த்த வாழைகளும் ரப்பர் மரங்களும் அதற்குச் சான்று.

சாமூதிரி கதை நம்மிடம் தலைகீழாகிவிட்டது. நல்லமிளகுக் கொடியை நாற்றுப்பண்ணையில் எந்த மாதமும் வாங்கலாம். சேனையும் ஏத்தனும் சந்தையில் உண்டு. செடிகள் எங்கும் போய்விடவில்லை, அவற்றை நடும் வேளைதான் நம் கையிலிருந்து நழுவுகிறது. எந்த மழைக்குப் பின் எதை நட்டோம் என்பதைச் சொல்லக்கூடிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஊர்தோறும் அதைக் கேட்டு எழுதிவைப்பது, கல்வெட்டைப் படியெடுப்பதற்கு இணையான வரலாற்றுப் பணி. கல்வெட்டு காத்திருக்கும், இவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.