காணி, சென்ட், சதுர அடி

போன வாரம் அறுவடை மெஷின்காரருக்குப் போன் பண்ணேன். "ஒன்றரை ஏக்கருக்காக வண்டிய கொண்டுவர முடியாதுங்க, பக்கத்துல நாலு கழனி சேர்த்துச் சொல்லுங்க"ன்னார். பக்கத்துல கழனி ஏது? ஒரு பக்கம் லைன் வீடு, இன்னொரு பக்கம் மனைக்கல். அந்தக் கடுப்புலதான் இதை எழுதறேன்.

எங்க ஊர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். பெங்களூர் ரோட்டுல போறப்ப நீங்க டீ குடிக்க வண்டி நிறுத்தியிருப்பீங்க, அங்கிருந்து கொஞ்சம் உள்ளே.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற வெள்ளைக்கார இஞ்சினியர் செங்கல்பட்டு ஜாகீர் கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். எத்தனை வீடு, என்னென்ன சாதி, ஏரி எவ்வளவு, களத்தில் யாருக்கு என்ன பங்கு, எல்லாம் எழுதிவைத்தார்கள். தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், ஏரித் தண்ணி பாய்ச்சறவர் என்று பலருக்கும் விளைச்சலில் இருந்தே பங்கு போகும். மேரை என்பார்கள். என் தாத்தா களத்தில் நீர்க்கட்டிக்கு மரக்காலில் நெல் அளந்ததை நானே பார்த்திருக்கேன். பொற்காலம்னு சொல்ல வரல. கழனியில் முதுகொடிய வேலை செய்த சேரி ஜனங்களுக்குக் காணியுரிமை கிடையாது. ஆனா ஏரி நிரம்பலைன்னா எல்லார் வீட்டு அடுப்பும் அணையும்.

அப்போ பணக்காரர்னா மதகுக்குப் பக்கத்துல கழனி வச்சிருந்தவர். முதல் தண்ணி அவருக்குத்தான். பாகம் பிரிச்சப்ப எங்க அப்பா அடம்பிடிச்சு மதகடி நிலத்தை வாங்கிட்டார். ரோட்டோரம் இருந்த சரளை மேடு பெரியப்பாவுக்கு. கொள்ளு விதைச்சாலே பெரிய விஷயம் அதுல.

1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, 1998இல் கார் வெளியே வந்தது. 2006இல் நோக்கியா. சரளை மேட்டுக்கு யோகம் அடிச்சது. தாத்தா காணியில் பேசினார், அப்பா ஏக்கரில் பேசினார், புரோக்கர்கள் சென்ட்டில் ஆரம்பிச்சு சதுர அடிக்கு வந்துட்டாங்க. ஒரு காணி 57,600 சதுர அடி. இன்னிக்குப் பெரியப்பா மகனுக்கு 32 ரூம் வாடகை வருது. எங்க அம்மா இதை வாரம் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாம இருக்க மாட்டாங்க.

ஸ்ரீபெரும்புதூர் பேரூரில் 2001இல் சுமார் 16 ஆயிரம் பேர், 2011இல் சுமார் 25 ஆயிரம். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கு அந்த வருஷம் எடுக்கவே இல்ல. எங்க ஊர் ரூம்களில் ஒடிசா, பீகார், அசாம் பசங்க. ஹாஸ்டல்களில் தென்மாவட்டப் பெண்கள். அண்ணாச்சி கடையில் கடுகெண்ணெய் விக்குது, அண்ணாச்சி இந்தியில் கடன் கேட்கறார்.

நிலமே இல்லாதவங்களுக்கு மனை விலை ஏறி என்ன லாபம்? அவங்க வீட்டுக்கு வருமானம் ஷிப்ட் பஸ் ஏறிய மகள்களால் வந்தது. எங்க கழனியில் நாத்து நட்ட அக்காவோட மகள் கம்பெனி சம்பளத்தில் மாடி வச்ச வீடு கட்டியிருக்கு. "நடவுக்கு வாங்க"ன்னு அந்த அக்காவைக் கூப்பிட எனக்கு நா எழல, கூப்பிடவும் கூடாது. ஆனா அந்த வருமானத்துக்கும் உறுதி இல்ல. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியபோது இந்தச் சுத்துவட்டாரமே அதைத் தெரிஞ்சுக்கிட்டது.

யாரும் கணக்கில் எடுக்காதது ஏரியைத்தான். முன்னெல்லாம் மழைக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு ஆள் மம்முட்டியோட வந்து வரத்துக்கால் தூர்வாருவாங்க. நிலத்தை வித்தவன் எதுக்கு வருவான்? கால்வாய் மேலேயே காம்பவுண்டு எழும்பிடுச்சு. 2015 டிசம்பர் மழையில் தண்ணி லைன் வீடுகளுக்குள்ள புகுந்தது. நனைஞ்சது வாடகைக்கு இருந்தவங்க மூட்டை முடிச்சு. மண்ணை வெட்டி வழி விட்டவங்களும் அவங்கதான். அதில் பாதிப்பேர் ஊர்ல நெல்லு விளைவிக்கிற வீட்டுப் பிள்ளைங்க, மம்முட்டி பிடிக்கிற விதத்துலயே தெரிஞ்சது.

வர்ற ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மகன் ரூமில் இருக்கும் பசங்க பன்னிரண்டு பேர் எனக்குக் கதிர் அறுக்க வர்றாங்க. ஆளுக்கு 800 ரூபாய், மதியச் சாப்பாடு தனி. மெஷினை விட அதிகம்தான். சொர்ணவாரி நெல்லு, மழைக்கு முன்னாடி களத்துக்கு வந்தாகணும்.